ஏற்றத்தில் நிற்கிற வண்டி

அன்றைக்கு ஏற்றத்தில் நின்றவர்கள் இவர்கள்.

மைனி. என் அண்ணன் பெண்டாட்டி. வண்டி அவளுடையது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சாளைக்கார அக்கா. சாளை மீன் மட்டும்தான் எடுப்பாள். வாய் பெரிசு.

முட்டுவலி அக்கா. முன்சீட்டு அவளுக்கு. வேறு யாரும் அதில் இருக்க முடியாது.

வடக்குத் தெரு அக்காளும் தங்கச்சியும். ஒருத்தி பேச்சைத் தொடங்கினால் மற்றவள் முடிப்பாள். ஆள் இரண்டு என்றாலும் பேச்சு ஒன்றுதான்.

காது சரியாகக் கேட்காத சித்தி. எனக்குச் சித்தி முறை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள்.

நான். பைக்கில் பின்னால் வந்தவன்.

அப்பா இல்லை. அப்பா வீட்டில் இருந்தார். அவர் எங்கும் வருவதில்லை.

வண்டியின் மேல் கேரியரில் ஐந்து அலுமினியச் சருவம். ஐந்திலும் மீன். ஐஸ் உருகி முன்கண்ணாடியில் வழிந்தது. வெயில் இன்னும் வரவில்லை. வந்தால் மீன் தாங்காது. புதுக்கடைச் சந்தை காத்திருக்காது.

சாளைக்கார அக்கா இறங்கி வண்டியைச் சுற்றி வந்தாள்.

"ஏட்டி, உனக்க வண்டிக்கும் முட்டுவலியா? ஏத்தம் கண்டா இருந்துருது."

முட்டுவலி அக்கா கேட்டுவிட்டாள். "எனக்க முட்டுக்க பேச்ச எடுக்காத. நான் இந்த ஏத்தத்த சருவத்தோட நடந்து ஏறினவ."

"அப்ப எறங்கி ஏறு. ஆரு பிடிச்சு வச்சா?"

சித்தி தலையாட்டினாள்.

மைனி என்னைப் பார்த்தாள். நான் பானட்டைத் திறந்தேன்.

பெட்ரோல் பம்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. பெட்ரோல் வருகிறதா என்று வெளியிலிருந்தே தெரியும். கிண்ணம் காலி. கார்பரேட்டரில் மிதவை கிடக்கிற அறையைத் திறந்தேன். அதுவும் காலி. பம்புக்கு வருகிற ரப்பர் குழாயைப் பிடுங்கி, வாயை வைத்து ஊதினேன். மறுபடி மாட்டினேன். பம்பில் கையால் அடிக்கிற நெம்புகோல் ஒன்று உண்டு. அதை அடித்தேன். கிண்ணம் நிறைந்தது.

"சாவிய போடுங்க மைனி."

போட்டாள். பிடித்துக்கொண்டது.

நான் சரி பண்ணிவிட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் அதே ஏற்றத்தில் நின்றது.

நான் கார் மெக்கானிக் இல்லை. வள்ளத்து எஞ்சின் பார்க்கிறவன். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். படிப்பு ஏழாம் வகுப்போடு போச்சு. கரையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. உப்புக் காற்றில் எல்லாம் இறுகும், எல்லாம் அடைக்கும். இறுகினதைக் கழற்றுவது, அடைத்ததை ஊதுவது. இதுதான் வேலை.

வண்டி பழைய அம்பாசிடர். பெட்ரோல் வண்டி. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றுகிற ஓட்டைகூட இருக்கிறது. அண்ணன் அதைக் கருங்கல் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் வாங்கினான். எதுக்கு என்று கேட்டேன். சும்மா என்றான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வீட்டிலிருந்து கோயிலுக்கு ஓட்டிப் போவான். நடந்தாலே சீக்கிரம் போய்விடலாம். மைனிக்கும் ஓட்டப் பழக்கினான். லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தான். அதற்கும் சும்மா என்றுதான் சொன்னான்.

அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. கடலில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். கூடப் போனவர்கள் கொண்டு வந்தார்கள். என்னிடம் வந்து சொன்னபோது நான் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன். சாமான் எல்லாம் சாக்கில் கிடந்தது. மாட்டி முடித்துவிட்டுத்தான் போனேன். ஏன் என்று தெரியாது. பாதியில் விட்டால் மணல் ஏறும்.

அப்பா கடலுக்குப் போவதை அதற்கு முன்பே விட்டுவிட்டார். கரைவேலை மட்டும் பார்ப்பார். வள்ளம் கரை ஏறினால் அப்பா இறங்கிப் போவார். எஞ்சினை உப்பில்லாத நல்ல வெள்ளத்தில் கழுவுவது, வலையை உதறுவது, பெட்ரோல் டேங்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது. அண்ணன் செத்த பிறகு வள்ளத்தை விற்றோம். எஞ்சினும் அதோடு போச்சு. அப்பாவுக்குக் கரையில் வேலை இல்லை. வீட்டு வாசலில் இருப்பார். நாங்கள் யாரும் அவரிடம் அதிகம் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது.

மைனி கொஞ்ச நாள் வீட்டுக்குள் இருந்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

மீன் விற்கிற பெண்களுக்கு பஸ் ஒத்து வராது. சருவத்தோடு ஏறினால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். தனித்தனி ஆட்டோ என்றால் கட்டுப்படி ஆகாது. மைனி அம்பாசிடரில் ஐந்து பேரை ஏற்றினாள். விடியும்போது கரையில் ஏலம் முடியும். முடிந்ததும் புதுக்கடை, அப்புறம் கருங்கல். மதியம் திரும்பக் கூட்டி வருவாள். நாலு பேர் ஏறினால் பெட்ரோல் போக வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும். மூன்று பேர் என்றால் பெட்ரோலுக்குச் சரியாகும். அதற்கும் கீழே என்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம். இது மைனி சொன்ன கணக்கு. அவளுக்கு வேறு வருமானம் இல்லை.

வண்டியின் சொந்த டேங்க் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்தது. ஒட்டினேன். வேறு இடத்தில் ஒழுகியது. மாற்று டேங்க் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வள்ளத்துச் சாமானில் விற்காமல் மிஞ்சினது ஒரு டேங்க். சிவப்பு பிளாஸ்டிக். அதை டிக்கியில் வைத்துப் பட்டையால் கட்டி, குழாயைப் பம்புக்கு இழுத்துவிட்டேன். மேலே ஒரு சாக்கைப் போட்டேன். முறையான வேலை இல்லை அது. டேங்க் கிடைக்கிற வரைக்கும் ஓடட்டும் என்று செய்தது. முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகுதான் நிற்க ஆரம்பித்தது.

காலையில் ஸ்டார்ட் ஆவதில் குறை இல்லை. கரையிலிருந்து கிளம்பும்போதும் குறை இல்லை. ஏற்றம் ஏறும்போது இரண்டு தடவை இருமும். மூன்றாவது தடவை நிற்கும். அப்படியே விட்டால் அரை மணிக்கூர் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும். இல்லையென்றால் நான் போய்க் குழாயைப் பிடுங்கி ஊதி மாட்ட வேண்டும். மாட்டினால் ஓடும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கார்பரேட்டரைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டு போனேன். அந்த ஜாதிக் கார்பரேட்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. மேலே குடுவை மாதிரி ஒன்று. அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில் நீளமாய் ஒரு ஊசி. ஆக்சிலேட்டர் மிதித்தால் பிஸ்டன் எழும்பும். ஊசியும் கூடவே எழும்பும். எழும்பின அளவுக்கு பெட்ரோல் போகும். பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டேன். டொக்கென்று தானாக விழுந்தது. அப்படி விழுந்தால் நல்லது. அதில் குறை இல்லை.

மிதவை அறையின் அடியில் கருப்பாய் மை மாதிரி இருந்தது. இப்போதைய பெட்ரோலில் ஸ்பிரிட்டு கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது, உள்ளே இளகும். குழாயைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்பக்கம் தொட்டால் கையில் ஒட்டியது. இதுதான் என்று முடிவு பண்ணினேன். புதுக் குழாய் போட்டேன். அறையைக் கழுவினேன். மிதவை உட்காருகிற இடத்தில் பெட்ரோலை அடைக்கிற முனை ஒன்று உண்டு, அதையும் துடைத்தேன். சைக்கிள் பம்பால் எல்லா ஓட்டையையும் ஊதினேன். வீட்டு முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணி விட்டேன். ஒரு சாயா குடித்துவிட்டு வரும்வரை ஓடியது. மைனியிடம் சரியாச்சு என்றேன்.

ஏற்றத்தில் நின்றது.

சூடாக இருக்கும் என்று நினைத்தேன். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிப் போகும். வள்ளத்தில் அது வராது, வண்டியில் வரும் என்று கேட்டிருக்கிறேன். குழாய் எஞ்சினைத் தொடாமல் விலக்கிக் கட்டினேன். பம்பின் மேல் நனைந்த துணியைச் சுற்றினேன்.

"பனிக்காய்ச்ச பிடிச்ச பிள்ளைக்குத் துணி போடுத மாதிரி போட்டிருக்கான் பாரு," என்றாள் சாளைக்கார அக்கா. "கஞ்சித் தண்ணியும் கொஞ்சம் குடுலே."

"மண்ணெண்ணெய் ஊத்திப் பாக்கச் சொல்லு," என்றாள் வடக்குத் தெரு அக்காள்.

"வள்ளம் ஓடுதுல்லா," என்று தங்கச்சி முடித்தாள்.

துணி காய்வதற்குள் நின்றது.

பம்பைப் பிரித்தேன். உள்ளே இருக்கிற ரப்பர்த் தட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது. மார்த்தாண்டம் போய்ப் புதுசு வாங்கி மாற்றினேன். மாற்றின அன்று, நின்ற இடத்தில், குழாயைப் பிடுங்கி மாட்டினேன். ஓடியது. புதுத் தட்டின் பலன் என்று நினைத்தேன். எதைக் கழற்றினாலும் குழாயையும் கழற்றத்தானே வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பிறகு ஓடியது. அதனால் ஒவ்வொரு தடவையும் கடைசியாகச் செய்ததுதான் சரி என்று பட்டது.

வியாழக்கிழமை நின்றபோது வெயில் ஏறிவிட்டது. சாளைக்கார அக்காவின் மீனைப் பாதி விலைக்குத்தான் கேட்டார்களாம். மதியம் கரையில் வந்து நின்றாள். மற்ற நாலு பேரும் கூட இருந்தார்கள். அன்று அவள் கிண்டல் பண்ணவில்லை.

"மக்கா, உன்ன வெறுத்துச் சொல்லல்ல," என்றாள் மைனியிடம். "லோடு வண்டிக்காரன் கேக்குதான். நாங்க ஆளும் சருவமும் பின்னால ஏறிக்கிடலாம்னு சொல்லுதான்."

"சரி," என்றாள் மைனி.

"நாளைக்கும் மறுநாளும் அதுல போறோம். ஞாயிறு கடல் இல்ல. திங்களாழ்ச்ச காலம்பற உனக்க வண்டி ஓடுனா பாப்போம்."

"ஓடல்லன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஓடல்லன்னா மீனுக்கு என்ன பதில் சொல்லது தம்பி? மீனு உனக்க மைனிக்காண்டி காத்துக் கிடக்குமா?"

சித்தி தலையாட்டினாள். இந்தத் தடவை கேட்டுத்தான் ஆட்டினாள் என்று நினைக்கிறேன்.

போனார்கள். மைனி வண்டிக் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றாள். அதில் அழுக்கு இல்லை.

சனிக்கிழமை மைனியும் நானும் மட்டும் வண்டியை எடுத்தோம். ஆட்கள் பாரத்துக்குப் பின்சீட்டில் மணல் மூட்டை போட்டேன். பெட்ரோல் குறைவதால் நிற்கிறதோ என்று ஒரு சந்தேகம். டேங்க் கழுத்து வரை ஊற்றச் சொன்னேன். மைனி கேனில் வாங்கி வந்து ஊற்றினாள்.

அன்று ஏற்றம் வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்கு முன்னால் வளைவிலேயே நின்றது.

நான் இறங்கிப் பானட்டைத் திறக்கப் போனேன். மைனி இறங்கவில்லை.

"தம்பி, ஒரு காரியம்."

"சொல்லுங்க."

"கொறச்சு ஊத்துன அன்னைக்கு ஏத்தத்துக்க உச்சி வரைக்கும் போயிருக்கு. பாதி ஊத்துன அன்னைக்கு நடுவுல நின்னுச்சு. இன்னைக்கு நெறய ஊத்தினோம், வளைவ தாண்டல்ல. நெறய குடுத்தா சீக்கிரம் நிக்குது. இது என்ன எளவு வண்டி?"

நான் பானட்டைத் திறக்கவில்லை. அவள் சொன்னதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு பின்னால் போய் டிக்கியைத் திறந்து சாக்கை எடுத்தேன்.

டேங்கின் வயிறு ஒட்டிப் போயிருந்தது. இரண்டு பக்கமும் உள்ளே குழிந்து, பட்டினி கிடந்த மாட்டின் விலாப் போல இருந்தது.

வள்ளத்து டேங்கின் மூடியில் சின்னதாய் ஒரு திருகு உண்டு. காற்றுத் திருகு. கடலில் எஞ்சின் ஓடும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த வழியாகக் காற்று உள்ளே வரும். மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் ஆகும். பம்ப் கொஞ்ச நேரம் இழுக்கும். பிறகு இழுக்க முடியாமல் நிற்கும். குழாயைப் பிடுங்கினால் அந்த வழியாகக் காற்று ஏறும், மறுபடி ஓடும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே குறைவு, அப்போது சீக்கிரம் நிற்கும். கரைக்கு வந்தால் திருகை மூட வேண்டும். இல்லையென்றால் உப்புத் தண்ணி இறங்கும், மணல் இறங்கும், தூக்கும்போது பெட்ரோல் தளும்பும். எங்கள் கரையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

திருகு இறுக்கமாக மூடியிருந்தது.

திறந்தேன். காற்றை இழுத்தது. சீ என்று கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. பிறகு டேங்கின் ஒரு பக்கம் டப்பென்று வெளியே வந்தது. மறுபக்கமும் வந்தது.

"போடுங்க."

பிடித்துக்கொண்டது. குழாயைக் கழற்றவில்லை. ஒன்றையும் கழற்றவில்லை.

கருங்கல் போய்த் திரும்பினோம். ஏற்றத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினோம். நிற்கவில்லை.

"நீங்க இதத் தொட்டியளா?" என்று கேட்டேன்.

"இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. நான் பெரிய மூடியத்தான் தெறப்பேன், ஊத்துவேன், அடைப்பேன்."

"நான் தெறந்துதான் வச்சேன். அன்னைக்கே."

"அப்ப ஆரு மூடுனா?"

நான் திறந்து வைத்தது என்பதால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வண்டியை வீட்டில் நிறுத்தினோம். திருகைத் திறந்தபடி விட்டேன். சாக்கைப் போட்டேன். பின்சுவர் பக்கம் போய் மணல் மூட்டைகளை அடுக்கினேன். சாயங்காலம் நான் இன்னும் அங்கே நிற்கும்போது அப்பா வாசலிலிருந்து எழுந்தார். வண்டிப் பக்கம் வந்தார். டிக்கியைத் தூக்கினார். சாக்கை மடித்து ஒரு பக்கம் வைத்தார். திருகை மூடினார். உள்ளங்கையால் மூடியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். சாக்கைப் பழையபடி போட்டார். டிக்கியை மெதுவாக அடைத்தார். போய்ப் பழைய இடத்தில் இருந்தார்.

அவ்வளவுதான். வள்ளம் கரை ஏறினால் செய்கிற வேலை. டேங்க் அண்ணனுடையது.

நான் மைனியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"என்ன செய்யலாம்?" என்றாள்.

"மூடியில பொடிசா ஒரு ஓட்ட போட்டுருதேன். அவரு திருகிட்டுப் போகட்டும். ஒண்ணும் ஆவாது."

"அவருக்குத் தெரியாண்டாமா?"

"தெரிஞ்சு என்ன?"

களைந்த தண்ணியைக் கொட்டினாள். "போடு," என்றாள்.

கொட்டகையிலிருந்து கைத் துரப்பணத்தைக் கொண்டு வந்தேன். மூடியைத் தனியாகக் கழற்றி எடுத்துப் போய், உள்ளதிலேயே சின்ன முனையால் ஒரு ஓட்டை போட்டேன். பிசிறைத் துடைத்து மாட்டினேன். வேலை முடிந்தது என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். அப்பா வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும் டிக்கியைக் காட்டினார்.

"நீ எஞ்சின் பாக்கியவன்தானே?"

"ஆமா."

"கண்ணு எங்க வச்சிருக்க? டேங்கு மூடியில ஓட்ட. பெட்ரோல் வாட அடிக்குது. நான் சோப்பு வச்சு அடைச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற சோப்பு. ஓட்டையில் திணித்து, நகத்தால் வழித்து, மேலே சமமாக்கியிருந்தார். நல்ல வேலை. நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மைனிக்குச் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். அப்பாவையும் இருக்கச் சொன்னாள்.

"மாமா, நீங்கதான் திருக மூடுதியளா?"

"பின்ன வேற ஆரு மூடுவா? இந்தப் பய தெறந்து போட்டுட்டுப் போறான். நீயும் பாக்க மாட்டேங்க."

"அது கடல்ல போவல்ல மாமா. ரோட்டுல போவுது."

"எங்க போனா என்ன? வந்து நின்னா மூடணும்."

"சரி. போவும்போ தெறக்கணும்லா?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போவும்போ எங்கிட்ட ஆரு சொன்னிய?"

அப்பா டிக்கிப் பக்கம் கையை நீட்டினார்.

"காலம்பற சத்தம் கேக்கும். எந்திச்சு வாறதுக்குள்ள வண்டி போயிருக்கும். அவன்னா கரையில நின்னு கூப்புடுவான். எப்பா, எறக்கோம்னு. நான் போய்த் தெறந்து விட்டுட்டுத்தான் அவன் எஞ்சின அடிப்பான். நீங்க சொன்னா நான் தெறக்க மாட்டேன்னா சொன்னேன்?"

அவன் என்றது அண்ணனை. அப்பா அவ்வளவு பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை. சோப்பை ஊசியால் குத்தி எடுக்கலாமா, இல்லை வேறு மூடி போடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சோப்பு அப்படியே இருக்கட்டும்," என்றாள் மைனி என்னிடம். "எடுக்காண்டாம்."

பிறகு அப்பாவிடம் சொன்னாள். "நாளைக்குக் கூப்புடுதேன் மாமா."

"கூப்புடு," என்றார். உள்ளே போனார்.

இது சரிவருமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வயசான ஆள். ஒரு நாள் உறக்கத்தில் இருப்பார், ஒரு நாள் காய்ச்சலில் இருப்பார். ஓட்டை என்றால் அது எப்போதும் ஓட்டை. மைனியிடம் அதைச் சொன்னேன்.

"அவரு வரல்லன்னா நான் தெறக்கேன். இப்ப எனக்கும் தெரியுமே," என்றாள்.

திங்கட்கிழமை இருட்டோடு எழுந்து வண்டிப் பக்கம் போனேன். மைனி வீட்டுக்குள்ளே பார்த்து, "மாமா, எடுக்கோம்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அப்பா டார்ச்சோடு வந்தார். ஏற்கெனவே விழித்துத்தான் இருந்திருப்பார். டிக்கியைத் திறந்தார், திருகைத் திருப்பினார், டேங்கைக் கையால் இரண்டு தட்டு தட்டினார். "ம்," என்றார். அதற்குப் பிறகு மைனி சாவியைப் போட்டாள்.

கரையில் ஏலம் முடிகிற நேரம். லோடு வண்டி முன்னாலேயே வந்து நின்றது. வடக்குத் தெரு அக்காளும் தங்கச்சியும் அதன் பின்னால் சருவத்தை ஏற்றிவிட்டிருந்தார்கள். மைனியைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள்.

"ஒரு நாள் ஓடட்டும்," என்றாள் அக்காள்.

"பொறவு பாக்கோம்," என்றாள் தங்கச்சி.

"சரி," என்றாள் மைனி.

முட்டுவலி அக்கா அம்பாசிடரின் முன்கதவைத் தானே திறந்து உட்கார்ந்தாள். "அந்த லோடுக்காரனுக்க வண்டியில முன்சீட்டு அவனுக்க மச்சானுக்காம். ரெண்டு நாளு பின்னால நிக்க வச்சே கொண்டு போனான். எனக்க முட்டு என்னத்துக்கு ஆவும்? இது நின்னாலும் நான் இருந்துக்கிட்டுல்லா நிப்பேன்."

சித்தி தன் சருவத்தோடு வந்தாள். இந்த வண்டியா அந்த வண்டியா என்று மைனி கையால் கேட்டாள். தலையாட்டினாள். நான் சருவத்தை வாங்கிக் கேரியரில் வைத்தேன். இறக்கச் சொல்லவில்லை.

சாளைக்கார அக்கா இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றாள். சருவம் இடுப்பில்.

"எலே மெக்கானிக்கு, என்ன கொறன்னு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சாச்சு."

"என்ன கொற?"

"காத்து போவல்ல."

"அதுக்கா இத்தன நாளு துணிய நனைச்சுப் போட்ட?" மைனி பக்கம் திரும்பினாள். "நிக்காதா ஏட்டி?"

"நிக்காது அக்கா."

"நின்னா?"

"நின்னா எறங்கி லோடு வண்டிக்குக் கை காட்டுங்க. பின்னாலதான வருவான்."

அக்கா லோடு வண்டியைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"சவத்துக்கு, தூக்கி வை," என்று சருவத்தை என் கையில் தந்தாள்.

நான் பைக்கில் பின்னால் போனேன். வளைவு வந்தது. தாண்டியது. ஏற்றம் தொடங்கும்போது மைனி கியரை மாற்றினாள். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். இருமல் இல்லை. பாதியில் லோடு வண்டி ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் நின்ற தங்கச்சி கையைக் காட்டினாள். மைனி காட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி ஒரே சீராக ஏறியது. உச்சியைத் தாண்டி இறங்கியது.

புதுக்கடையில் சந்தைக்கு முன்னால் நிறுத்தினாள். நான் பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கேரியரிலிருந்து சருவங்களை இறக்கினேன். சாளைக்கார அக்காவுடையது. சித்தியுடையது. முட்டுவலி அக்காவுடையது கருங்கல் போக வேண்டும், அதை மேலேயே விட்டேன்.

மைனி எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினாள்.

"எத்தன பேரு தம்பி?"

எண்ணிக்கையும் கணக்கும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"மூணு."